டாக்கோமீட்டர் கோளாறு: மல்டிமீட்டரா, ஆசிலோஸ்கோப்பா?

இன்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டும் டாக்கோமீட்டரின் முள் அசையவே இல்லையென்றால், முதலில் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரைத்தான் எடுப்பேன். டாக்கோமீட்டருக்கு 12 வோல்ட் வருகிறதா, எர்த் நன்றாக இருக்கிறதா என்று இரண்டே நிமிடத்தில் சொல்லிவிடும். எர்த் வயரில் 0.2 வோல்ட்டுக்கு மேல் இழப்பு காட்டினால் அங்கேயே துருவைத் தேடலாம். ஹெர்ட்ஸ் (வினாடிக்கு எத்தனை துடிப்பு) அளக்கும் மல்டிமீட்டர் என்றால் இன்னும் வசதி: டிஸ்ட்ரிபியூட்டர் (ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் பாகம்) உள்ள நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜினில் ஒரு சுற்றுக்கு 2 இக்னிஷன் துடிப்பு, ஆக 900 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 900 சுற்று) 30 ஹெர்ட்ஸ். சிக்னல் சரியாக வந்தும் முள் கிடக்கிறதா? சந்தேகம் டாக்கோமீட்டர் மேல்தான்.

முள் துள்ளுகிறது, சில வேகத்தில் மட்டும் விழுகிறது என்றால் கதையே வேறு. மல்டிமீட்டர் சராசரியைத்தான் காட்டும். நடுவில் தொலைந்த ஒரு துடிப்பு அதற்குத் தெரியாது. சிக்னலின் அலையைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்பில் அது பளிச்சென்று தெரியும். ஹால் சென்சாரின் (சுழற்சியைக் காந்தப்புலத்தால் உணரும் சென்சார்) சதுர அலை உடைந்திருப்பதும், பக்கத்து வயரிலிருந்து வரும் இரைச்சலும் அப்படித்தான். ஆனால் ஆசிலோஸ்கோப்புக்கு விலையும் அதிகம், பழகவும் நாளாகும். ஒரு எச்சரிக்கை: இக்னிஷன் காயிலின் நெகட்டிவ் முனையில் சில நூறு வோல்ட் எகிறும், அட்டெனுவேட்டர் (வோல்ட்டைக் குறைத்துத் தரும் இணைப்பு) இல்லாமல் ப்ரோபை வைக்காதீர்கள்.