பெண் அதிகாரிக்கு மனு எழுதும்போது: 'அம்மையீர்' என்பதா, பதவிப் பெயரா?

எங்கள் வாய்க்கால் பாசனதாரர் சங்கத்துக்கு மனு எழுதும் வேலை பதினோரு ஆண்டுகளாக என் தலையில் இருக்கிறது. வெண்ணாற்றில் வந்த தண்ணீர் கடைமடைக்கு எட்டாதபோதும், கொள்முதல் நிலையத்து வாசலில் நெல் மழையில் நனைந்து முளை விட்டபோதும், பயிர்க் காப்பீட்டுத் தொகை பக்கத்துக் கிராமத்துக்கு வந்து எங்கள் கிராமத்துக்கு வராமல் போனபோதும் எழுதியிருக்கிறேன். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர், வேளாண்மை உதவி இயக்குநர், நீர்வளத்துறை உதவிப் பொறியாளர் என அந்த மனுக்கள் போய்ச் சேர்ந்த நாற்காலிகள் பலவற்றில் பெண்களே அமர்ந்திருந்தார்கள். பள்ளியில் எங்களுக்குக் கற்றுக்கொடுத்த கடித முறை 'ஐயா' என்ற ஒரே விளியோடு முடிந்துவிட்டது. அந்த இடத்தில் வேறு எதை வைக்கலாம் என்று தேடி, கையில் கிடைத்த எல்லாச் சொற்களையும் ஒருமுறையாவது எழுதிப் பார்த்திருக்கிறேன். இப்போது ஒன்றில் நிலைத்துவிட்டேன். பதவிப் பெயரை எழுதி அதனோடு 'அவர்கள்' சேர்ப்பதே அது. நான் எந்தப் பக்கம் சாய்ந்தவன் என்பதை அறிந்துகொண்டே மற்றவற்றைப் படிப்பது நல்லது.

'மேடம்' என்பதை நேரில் பேசும்போது நானும் சொல்கிறேன், அலுவலகத்தில் எல்லோரும் அப்படித்தான் அழைக்கிறார்கள். எழுத்தில் அது ஒட்டுவதில்லை. 'பொருள்', 'பார்வை' என்று ஒழுங்காகத் தொடங்கும் தமிழ் மனுவின் நடுவே அந்த ஒரு சொல் மட்டும் செருப்போடு கூடத்துக்குள் வந்துவிட்டதுபோல் நிற்கிறது.

'அம்மா' அவ்வளவு எளிதில் தள்ளிவிடக்கூடிய சொல் அன்று. திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் வரிசையில் நிற்கும் மூதாட்டி ஒருவர் ஆட்சியரைப் பார்த்து 'அம்மா' என்று சொல்லும்போது அதைவிடப் பொருத்தமான விளி வேறு கிடையாது. ஆனால் எழுத்தில் எனக்கு இரண்டு தடைகள் இருந்தன. ஒன்று, தமிழ்நாட்டில் கால் நூற்றாண்டுக்கு மேலாக 'அம்மா' என்றால் ஜெயலலிதா என்று ஆகிவிட்டது. 2013இல் தொடங்கிய உணவகங்களுக்கும் அதுதான் பெயர். அந்த ஆட்சிக் காலத்தில் மனுவின் தலைப்பில் 'அம்மா அவர்களுக்கு' என்று எழுதினால், அது வட்டாட்சியருக்கா முதலமைச்சருக்கா என்று ஒரு கணம் தயங்க வேண்டியிருந்தது. மற்றொன்று என் சொந்தத் தடை. என் பாட்டனார் பண்ணையாளாக இருந்தவர். பண்ணை வீட்டுக் கொல்லையில் நின்றுகொண்டு 'ஆண்டே', 'அம்மா' என்று கூப்பிட்ட தலைமுறை அவருடையது. 1952ஆம் ஆண்டின் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகும் அந்தக் கூப்பாடு உடனே போய்விடவில்லை என்று அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். உரிமையாகக் கேட்க வேண்டிய வாய்க்கால் தண்ணீரைக் கேட்கும்போது, கொல்லைப்புறத்தில் நிற்கும் அந்தக் குரல் என் எழுத்துக்குள் வந்துவிடக் கூடாது என்று நினைத்தேன். இதே காரணத்துக்காகத்தான் 'தங்கள் பாதம் பணிந்து' என்ற முடிப்பையும் விட்டுவிட்டேன். இது என் வீட்டுக் கதை. பிறருக்கு இந்தத் தடை இருக்க வேண்டும் என்பதில்லை.

'அம்மையார்' என்பது ஒருவரைப் பற்றிச் சொல்வதற்கான சொல். அவரை அழைப்பதற்கு உதவாது. காரைக்கால் அம்மையார், மயிலாடுதுறையை ஒட்டிய மூவலூரின் இராமாமிர்தம் அம்மையார் என்று பெயரோடு சேர்ந்து வரும்போது அதற்கு ஒரு கம்பீரம் உண்டு. மூவலூர் அம்மையாரின் பெயரில் பெண்களுக்கான திருமண உதவித் திட்டம் இருந்தது. 2022இல் அது உயர்கல்வி உறுதித் திட்டமாக மாறி, மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் என்று அறியப்படுகிறது. அந்தச் சொல்லை விளியாக மாற்றினால் 'அம்மையீர்' என்று வரும். 'ஆர்' என்ற ஈறு விளியில் 'ஈர்' ஆவது தமிழ் இலக்கணத்தின் பழைய வழி. ஆகவே 'ஐயா'வுக்கு எதிரே வைக்கத்தக்க சரியான பெண்பால் விளி 'அம்மையீர்' என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். நான்கு ஆண்டுகள் அதைத்தான் எழுதினேன். சங்கத்தின் மனுக்களில் அது அழகாகவும் நிமிர்ந்தும் நின்றது. அதை நான் கைவிட்டதற்குக் காரணம் சொல்லின் குறை அன்று. அது எழுதப்படும் இடத்தின் இயல்பு. அதற்கு வருவதற்கு முன் திருமதி, செல்வி கதையை முடித்துவிடுகிறேன்.

ஒருமுறை புதிதாக வந்திருந்த அதிகாரி ஒருவரின் பெயரைச் செய்தித்தாளில் பார்த்து, பெயருக்கு முன் 'திருமதி' சேர்த்து மனு எழுதிக் கொண்டுபோனேன். அவர் பொறுமையாக முழுவதையும் படித்தார், எதுவும் சொல்லவில்லை. மேசையில் இருந்த பென்சிலை எடுத்து 'மதி' என்ற இரண்டு எழுத்துகளை மட்டும் மெல்லிய கோட்டால் அடித்துவிட்டு, 'திரு' என்பதை அப்படியே விட்டுக் கையொப்பமிட்டார். அவருக்குத் திருமணம் ஆகவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அடுத்து வந்தவருக்கு முன்னெச்சரிக்கையாகச் 'செல்வி' என்று எழுதினேன். அவருக்குக் கல்லூரியில் படிக்கும் மகன் இருந்தான். ஒருவரின் தாலியைப் பார்த்துவிட்டு மனு எழுத வேண்டிய நிலை யாருக்கும் வேண்டாம் என்பதனால் 'திருமிகு' என்பதைப் பிடித்துக்கொண்டேன். இருபாலர்க்கும் பொது, மணமானவரா என்ற கேள்வி இல்லை, தூய தமிழ். பெயரைச் சொல்லியே ஆக வேண்டும் என்றால் இன்றும் நான் எழுதுவது 'திருமிகு' தான். இந்திய ஆட்சிப் பணி அதிகாரியாக இருந்தால் பெயருக்குப் பின் 'இ.ஆ.ப.' சேர்த்துவிடலாம்.

ஆனால் பெயர் எழுதுவதிலேயே ஓர் ஆபத்து இருக்கிறது. அதை அறிந்துகொள்ள எனக்கு நாற்பத்து மூன்று நகல்கள் தேவைப்பட்டன.

சம்பா அறுவடைக்கு முன் பெய்த மழையில் கதிர்கள் சாய்ந்து மூழ்கிய ஒரு தை மாதத்தில், எங்கள் வாய்க்காலில் பாதிக்கப்பட்ட நாற்பத்து மூன்று பேருக்கும் தனித்தனி மனு தயாரித்தேன். பட்டா எண், பரப்பு, பிரீமியம் கட்டிய ரசீது ஆகியவை மட்டும் மாறும். மேற்பகுதி எல்லாவற்றிலும் ஒன்றே. பெறுநர் இடத்தில் அதிகாரியின் பெயர், கீழே 'மதிப்பிற்குரிய அம்மையீர்', உள்ளே மூன்று இடங்களில் மறுபடியும் 'அம்மையீர்'. வெள்ளிக்கிழமை மாலை ஜெராக்ஸ் கடையில் எடுத்துக் கட்டி வைத்தோம். ஞாயிற்றுக்கிழமை மாறுதல் பட்டியல் வந்தது. திங்கட்கிழமை காலை அந்த அறைக்குள் இருந்தவர் ஓர் ஆண். வராந்தாவில் உட்கார்ந்து நாற்பத்து மூன்று மனுக்களிலும் பெயரை அடித்து, நான்கு இடங்களில் 'அம்மையீர்' என்பதை 'ஐயா' என்று திருத்தினோம். ஒவ்வொரு திருத்தத்துக்கும் பக்கத்தில் மனுதாரரின் சுருக்கொப்பம் வேண்டும் என்று பிரிவில் கேட்டார்கள். பாதிப் பேர் ஊரிலேயே இருந்தார்கள். அன்றைய பதிவு எண் எங்களுக்குக் கிடைக்கவில்லை; ஒரு வாரம் போயிற்று.

என் முடிவுக்கான முழுக் காரணமும் இந்த ஒரு நிகழ்ச்சியில் இருக்கிறது. மனு என்பது கையில் கொடுத்ததும் முடிந்துவிடும் பேச்சு அன்று. பதிவு எண் விழுந்த பின் அது கோட்டத்துக்கும், அங்கிருந்து வட்டத்துக்கும், கிராம நிர்வாக அலுவலரின் அறிக்கைக்கும் போய், மறுபடியும் மேலே வருகிறது. நில அளவைப் பிழை, பட்டா மாறுதல் போன்றவற்றில் அந்தக் கோப்பு ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதற்குள் நாற்காலியில் மூன்று பேர் மாறிவிடுவார்கள். 'பார்வை' என்ற இடத்தில் பழைய மனுவைக் குறிப்பிட்டுப் புதிய மனு எழுதும்போது, முன்னதில் 'அம்மையீர்' என்றும் பின்னதில் 'ஐயா' என்றும் இருந்தால், ஒரே அலுவலகத்துக்கு எழுதியதுதானா என்று பிரிவு எழுத்தர் ஒருமுறை நிமிர்ந்து பார்க்கிறார். 'வருவாய்க் கோட்டாட்சியர் அவர்கள்' என்று எழுதிய மனுவுக்கு இந்த இடையூறு இல்லை. யார் வந்து அமர்ந்தாலும் அது அவருடைய மனுவாக இருக்கிறது. மின்னணு முறையில் பதிவேற்றும்போதும், சங்கத்தின் பழைய மாதிரியை எடுத்துத் தேதி மாற்றி எழுதும்போதும் இது தரும் வசதி சொல்லி முடியாது.

இந்த வழிக்குத் தமிழ் தானாகவே இடம் கொடுக்கிறது. ஆட்சியர், அலுவலர், பொறியாளர், இயக்குநர் என்று 'அர்' ஈறு பெற்ற பதவிப் பெயர்களில் ஆண் பெண் வேறுபாடு இல்லை. ஆசிரியை போன்ற சில பெயர்களில் பெண்பால் ஈறு ஒட்டிக்கொண்டது. ஆனால் ஊராட்சி மன்றத்தில் பெண் வந்தாலும் அவர் 'தலைவர்' தான். மனுவில் 'தலைவி' என்று எழுதினால் தோழி பின்னாலேயே வந்துவிடுவாள். பழைய பதவிகளுக்கு இந்தப் பொதுமை இல்லை. எங்கள் பகுதியின் கணக்குப்பிள்ளைக்குப் பெண்பால் பெயரே கிடையாது, அதற்கான தேவையும் வரவில்லை. 1980இல் பரம்பரைக் கிராம அதிகாரிகள் முறை ஒழிக்கப்பட்டுத் தேர்வு எழுதி வரும் கிராம நிர்வாக அலுவலர் வந்த பிறகுதான் அந்த இடத்தில் பெண்களைப் பார்த்தோம். வெள்ளைக்காரர் காலத்துத் 'துரை'க்குத் 'துரைசானி' என்ற சொல் இருந்தது, ஆனால் அது துரையின் மனைவியைக் குறித்தது. 'தாசில்தாரம்மா' என்றால் என் சிறுவயதில் தாசில்தார் வீட்டு அம்மா என்றுதான் பொருள். இன்று தாசில்தாராகவே இருப்பவரையும் அப்படித்தான் சொல்கிறோம். விடுதலைக்குப் பின் 1951ஆம் ஆண்டு அணியில் ஆட்சிப் பணிக்கு வந்த முதல் பெண் அன்னா ராஜம், சென்னை மாநிலத்தில் ஒசூரில் சார் ஆட்சியராக இருந்தார். பெண் வந்தார் என்பதற்காக அந்தப் பதவிக்கு வேறு பெயர் தேவைப்படவில்லை. ஓர் எழுத்தும் மாற வேண்டியிருக்கவில்லை.

இது வறட்சியாக இருக்கிறது என்று சங்கத்தின் பொருளாளர் சொல்வார். மனிதர் ஒருவர் உட்கார்ந்திருக்கும்போது நாற்காலியோடு பேசுவதா என்பது அவர் கேள்வி. அதற்காகத்தான் 'மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு' என்ற வரிக்குக் கீழே தனி வரியாக 'வணக்கம்' என்று எழுதுகிறேன். அந்த ஒரு சொல் போதுமான ஈரத்தைத் தந்துவிடுகிறது. உள்ளே மறுபடியும் அழைக்க வேண்டிய இடங்களில் 'தாங்கள்' என்பதே போதும். 'ஆட்சியர்' என்பதா 'ஆட்சித் தலைவர்' என்பதா என்ற ஐயம் எழுந்தால், அலுவலகப் பலகையில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதிவிடலாம்.

என் அனுபவம் வருவாய், வேளாண்மை, நீர்வளம் ஆகிய மூன்றோடு நின்றுவிடுகிறது. காவல் நிலையத்துக்கு இரண்டே முறை எழுதியிருக்கிறேன். 'காவல் ஆய்வாளர் அவர்கள்' என்று எழுதியதில் எந்தத் தடையும் வரவில்லை, இரண்டு முறையை வைத்து அதற்கு மேல் எதையும் சொல்ல மாட்டேன். நீதிமன்றத்துக்குரிய 'மாண்பமை', அமைச்சர்களுக்குரிய 'மாண்புமிகு' ஆகியவை தனி வழக்கு. அவற்றை வழக்கறிஞரிடமும் கட்சிக்காரர்களிடமும் விட்டுவிடுகிறேன்.

'அம்மையீர்' என்பதை நான் முற்றிலும் மறந்துவிடவில்லை. ஜூன் 12 அன்று மேட்டூர் திறப்பதற்கு முன்பே எங்கள் வாய்க்காலைத் தூர்வாரி முடித்துக்கொடுத்த உதவிப் பொறியாளர் ஒருவர், அந்த ஆண்டு குறுவை அறுவடைக்குள் வேறு மாவட்டத்துக்கு மாறிப் போய்விட்டார். சங்கத்தின் சார்பில் அவருடைய புதிய அலுவலகத்துக்கு ஒரு நன்றிக் கடிதம் எழுதினேன். அந்தக் கடிதத்தில் எந்தக் கோரிக்கையும் இல்லை, பதிவு எண்ணும் வேண்டியிருக்கவில்லை. பெறுநர் இடத்தில் 'திருமிகு' என்று அவர் பெயரை எழுதி, கீழே 'அன்புள்ள அம்மையீர், வணக்கம்' என்று தொடங்கினேன்.