கேமரா ஃபிரேமை கிரேஸ்கேல் ஆக்க எது பெட்டர், ஒய் பிளேனா ஆர்ஜிபியா?

பில் ஸ்கேன் பண்ற ஒரு ஆண்ட்ராய்டு ஆப்புக்காக ரெண்டையும் சி++ல எழுதிப் பாத்துட்டு ஒய் பிளேன் (ஃபிரேம்ல வெளிச்சத்தை மட்டும் வெச்சிருக்கற அடுக்கு) பக்கம் சாஞ்சவன் நான், அதனால நடுநிலையெல்லாம் எதிர்பாக்காதீங்க.

முதல்ல எழுதினது ஆர்ஜிபி. ஆண்ட்ராய்டோட கேமரா லைப்ரரியான கேமராஎக்ஸ்கிட்ட ஆர்ஜிபிஏ_8888 (பிக்சலுக்கு நாலு பைட் எடுக்கற கலர் ஃபார்மேட்) கேட்டு வாங்கி, பிக்சல் பிக்சலா சிவப்பை 77ஆல, பச்சையை 150ஆல, நீலத்தை 29ஆல பெருக்கிக் கூட்டி 256ஆல வகுத்தா கிரே ரெடி. நியான்ல (பல பிக்சலை ஒரே நேரத்துல கணக்குப் போடற ஏஆர்எம் சிப் கட்டளைகள்) எழுதினா நல்லா வேகமாவும் ஓடுது. ஆனா இது தலையைச் சுத்தி மூக்கைத் தொடற வேலைங்க. கேமரா வழக்கமா குடுக்கறதே ஒய்யூவி_420_888, அதாவது வெளிச்சமும் கலரும் தனித்தனி பிளேனா வர்ற ஃபார்மேட், அதுல முதல் பிளேனே கிரேஸ்கேல்தான், அதைக் கலராக்கச் சொல்லி வாங்கி நானே மறுபடி கலரை உருவிட்டு இருந்திருக்கேன். 1280 × 720 ஃபிரேம்ல ஒய் மட்டும்னா 9,21,600 பைட், ஆர்ஜிபிஏன்னா நாலு மடங்கு.

ஒய் பிளேன்ல ஒரே தலைவலி ரோ ஸ்ட்ரைடு, அதாவது மெமரில ஒரு வரி ஆரம்பத்துலேர்ந்து அடுத்த வரி ஆரம்பம் வரைக்கும் எத்தனை பைட்டுங்கறது. என் போன்ல எல்லாம் சரியா வந்துச்சு, டெஸ்ட் பண்ணவர் போன்ல பில்லு மொத்தமும் சாஞ்சு நிக்குது. பாத்தா அகலம் 1080, ஸ்ட்ரைடு 1088. நான் அகலத்தை வெச்சே அடுத்த வரிக்குத் தாவினதால வரிக்கு 8 பிக்சல் நகந்துகிட்டே போயிருக்கு. சரின்னு ஸ்ட்ரைடை உயரத்தால பெருக்கி மொத்தத்தையும் ஒரே மெம்காப்பில (மெமரியை அப்படியே காப்பி பண்ற ஃபங்ஷன்) எடுத்தேன், கிராஷ்! கடைசி வரிக்கு அந்த எக்ஸ்ட்ரா பைட் பஃபர்ல இருக்கணும்னு கட்டாயமில்ல. வரி வரியா, அகலம் அளவுக்கு மட்டும் காப்பி பண்ணுங்க. பிக்சல் ஸ்ட்ரைடு (பக்கத்துப் பக்கத்துப் பிக்சலுக்கு நடுவுல எத்தனை பைட்டுங்கறது) பத்தி கவலை வேணாம், ஒய்க்கு அது எப்பவும் 1தான்.

ஏற்கனவே ஆப்புல ஓபன்சிவிங்கற இமேஜ் லைப்ரரி வெச்சிருந்தா காப்பியே தேவையில்ல, மேட் (அதுல படத்தை வெச்சிருக்கற ஆப்ஜெக்ட்) உருவாக்கும்போது பாயின்டரோட ஸ்ட்ரைடையும் ஸ்டெப்பா குடுத்துடலாம். கிரேக்காக மட்டும் அதை இழுத்துப் போட்டா ஆப் சைஸ் வீங்கிடும். இந்த மாதிரி வேலைக்கு முன்னாடி பயன்படுத்தின ஆண்ட்ராய்டோட ரெண்டர்ஸ்கிரிப்டை ஆண்ட்ராய்டு 12லயே ஓரங்கட்டிட்டாங்க, பழைய பதிலைப் பாத்து அந்தப் பக்கம் போயிடாதீங்க.

ஐபோன்ல ஒரே ஒரு சின்ன ஆப்தான் பண்ணிருக்கேன், அங்கயும் இதே கதைதான், ஃபுல் ரேஞ்ச் ஃபார்மேட் கேளுங்க, வீடியோ ரேஞ்ச்னா ஒய் 16லேர்ந்து 235 வரைக்கும்தான், கருப்பு வெளுத்துத் தெரியும்.

கேலரில இருந்து வர்ற படத்துக்கு ஒய் பிளேன் ஏது, அது ஆர்ஜிபி கலர்ல வர்ற பிட்மேப். அதுக்காக அந்த 77-150-29 ஃபங்ஷனை இன்னும் அழிக்காம வெச்சிருக்கேன்.