பிரான்சிலிருந்து ஊருக்கு வர எந்த விடுமுறை நல்லது? ஆகஸ்டும் பிப்ரவரியும்

புதுச்சேரிக்கு எப்போது போகலாம் என்று தேடினால், சுற்றுலா வழிகாட்டிகள் பெரும்பாலும் ஒரே பதிலைத்தான் சொல்கின்றன: நவம்பர் முதல் பிப்ரவரி வரை. டெல்லிக்கும் ராஜஸ்தானுக்கும் அது சரி. எங்கள் கரைக்கு அதில் பாதி தவறு. நாட்டின் பெரும்பகுதியில் மழை ஓய்கிற நேரத்தில், அதாவது அக்டோபர் நடுவில்தான் இங்கே மழையே தொடங்குகிறது. தென்மேற்குப் பருவமழையின் பெரும்பங்கை மேற்குத் தொடர்ச்சி மலை அந்தப் பக்கமே வாங்கிக்கொள்ளும். வங்கக் கடலிலிருந்து வடகிழக்குக் காற்று கொண்டுவருவதை நம்பித்தான் எங்கள் ஏரியும் கிணறும் இருக்கின்றன. ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் அக்டோபர் தொடங்கி டிசம்பருக்குள் கொட்டிவிடும். அதில் உச்சம் நவம்பர்.

பிரான்சில் குடியேறிய சொந்தங்கள் இந்தப் பக்கத்தில் தெருவுக்கு இரண்டு வீட்டுக்காவது இருப்பார்கள். அவர்களால் நினைத்த மாதத்தில் வர முடியாது. பிள்ளைகளின் பள்ளி விடுமுறைதான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. ஜூலை, ஆகஸ்டு முழுவதும் பெரிய விடுமுறை. அக்டோபர் கடைசி, கிறிஸ்துமஸ், பிப்ரவரி, ஏப்ரல் ஒவ்வொன்றிலும் இரண்டு வாரம். இந்த ஐந்தில் பெரும்பாலோர் ஆகஸ்டை எடுக்கிறார்கள். பிப்ரவரியை எடுங்கள் என்பது என் கட்சி.

முதலில் அக்டோபர் கடைசியைத் தள்ளிவிடலாம். தீபாவளி பெரும்பாலும் அதை ஒட்டி வரும், நவம்பர் 2 கல்லறைத் திருநாளும் வரும். ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் இரண்டு வாரத்தில் எத்தனை நாள் வெளியே கால் வைக்க முடியும் என்பது வங்கக் கடலின் கையில். 2015 நவம்பரில் கடலூர் மாவட்டம் வெள்ளத்தில் கிடந்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்த பிறகும் நகராமல் நின்றதால் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. கிருஷ்ணா நகர் போன்ற இடங்களில் ராணுவம் படகில் வந்து மக்களை மீட்டது. அடுத்து சாத்தனூர் அணை திறக்கப்பட்டு, தென்பெண்ணை வெள்ளம் பாகூரையும் கடலூரையும் சூழ்ந்தது. எட்டாயிரம் கிலோமீட்டர் தூரம் பறந்து வந்து ஜன்னல் வழியே தெருவைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

கிறிஸ்துமஸ் விடுமுறை இதைவிட நல்லது. மழை பெரும்பாலும் அடங்கியிருக்கும், இரவு குளிர்ச்சியாக இருக்கும். சிதம்பரத்தில் ஆருத்ரா தரிசனம் டிசம்பர் கடைசியிலோ ஜனவரித் தொடக்கத்திலோ வருவதால் சில ஆண்டுகளில் அதுவும் கிடைக்கும். ஆனாலும் தானே புயல் எங்களைப் புரட்டிப்போட்டது 2011 டிசம்பர் 30. கடலூர்ப் பக்கம் பலா, முந்திரித் தோப்புகள் வேரோடு சாய்ந்து, பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்தோம். டிசம்பர் முடியும்வரை புயல் பயம் முழுசாகப் போகாது. புத்தாண்டுக் கூட்டம் வேறு. பெங்களூரும் சென்னையும் திரண்டு வந்துவிடும், அறை வாடகை ஏறிவிடும், கடற்கரைச் சாலையில் முதியவர்களைக் கூட்டிக்கொண்டு நடக்க முடியாது.

ஏப்ரல் விடுமுறைக்கு நுங்கும் பலாவும்தான் ஆறுதல். பண்ருட்டிப் பலா வரத் தொடங்கிவிடும். வெயிலைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். வஞ்சிரம் தின்ன ஆசைப்பட்டு வருகிறவர்கள் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்புவார்கள்.

சரி, ஆகஸ்டுக்கு வருவோம். அதற்குரிய மரியாதையை முதலில் கொடுத்துவிடுகிறேன். ஆறு வாரம், எட்டு வாரம் என்று தங்க முடிகிற ஒரே விடுமுறை அதுதான். பேரப்பிள்ளைகள் பக்கத்திலேயே படுத்துத் தூங்குகிற அந்த வாரங்களுக்காக ஆண்டு முழுக்கக் காத்திருக்கும் தாத்தா பாட்டிகளிடம் போய்ப் பருவநிலை பேச முடியாது. பகலில் 35 டிகிரிக்கு மேல் போனாலும் பல நாட்கள் மாலையில் இடியோடு ஒரு மழை பெய்து இரவைச் சமாளிக்கும்படி ஆக்கும். விழாக்களும் குறைவில்லை. ஜூலை 13 மாலை விளக்கு ஊர்வலம், மறுநாள் பிரெஞ்சு தேசிய நாள், கடற்கரைச் சாலைப் போர் நினைவிடத்தில் மரியாதை. ஆடி ஐந்தாம் வெள்ளியில் வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேர். பிரெஞ்சு கவர்னர் வடம் பிடித்த காலத்து வழக்கம் இன்றும் துணைநிலை ஆளுநரோடு தொடர்கிறது. அங்கே பிறந்து வளரும் பிள்ளைகளுக்கு இந்த ஊரின் கதையை ஒரே நாளில் காட்ட வேண்டுமானால் அந்தத் தேர் போதும்.

குறை எங்கே என்றால், வெயிலும் நாள்காட்டியும் சேர்ந்து படுத்தும். வேர்க்குரு வந்த குழந்தை ஏசி அறையை விட்டு வராது. பகல் பதினொன்று முதல் நான்கு வரை யாரும் எங்கும் போவதில்லை. எட்டு வாரம் என்று சொன்னாலும் வெளியே கழிவது காலையும் மாலையும்தான். அப்புறம் ஆடி மாதம். ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்டு நடுவரை இந்து வீடுகளில் கல்யாணம், கிரகப்பிரவேசம் எதுவும் கிடையாது. ஊருக்கு வருவதே கல்யாணத்துக்காக என்னும் குடும்பங்கள் பல. அவர்கள் எல்லோரும் ஆவணி பிறந்து பிள்ளைகளுக்குப் பள்ளி திறப்பதற்குள் இருக்கும் இரண்டே வாரத்தில் முட்டிமோதுகிறார்கள். மண்டபம் கிடைக்காது, சமையல்காரர் கிடைக்க மாட்டார். கிறிஸ்துமஸ் விடுமுறையிலும் இதே கதை, அது மார்கழி.

பிப்ரவரி விடுமுறை தை, மாசியில் விழுகிறது. முகூர்த்த நாளுக்குப் பஞ்சமில்லை. கத்தோலிக்கக் குடும்பங்கள் மட்டும் தவக்காலம் எப்போது தொடங்குகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பகலில் 30 டிகிரியை ஒட்டி, இரவில் 22 அளவில். கம்பளியும் வேண்டாம், ஏசியும் வேண்டாம். நடுப்பகலிலும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பலாம். ஊசுட்டேரியில் வலசை வந்த பறவைகள் இன்னும் இருக்கும். மழை முடிந்து ஏரியும் குளமும் நிரம்பி ஊரே பச்சையாக இருப்பதைப் பார்க்க இதுதான் நேரம், ஆகஸ்டில் வந்தவர்கள் பார்த்ததெல்லாம் வறண்ட ஊர். பிச்சாவரத்தில் காலையில் படகேறினால் தலை காயாமல் சுரபுன்னைக் காட்டுக்குள் சுற்றி வரலாம். வடலூரில் தைப்பூசத்தன்று ஏழு திரை நீக்கி ஜோதி தரிசனம். அதற்கடுத்து மாசி மகம். வைத்திக்குப்பம் கடற்கரைக்குச் சுற்றுவட்டாரத்துச் சாமிகள் எல்லாம் தீர்த்தவாரிக்கு வந்து வரிசையாக நிற்கும். மயிலம் முருகன் அவ்வளவு தூரத்திலிருந்து வருகிறார். இதை ஒரு தடவையாவது பிள்ளைகள் பார்க்க வேண்டும் என்பது என் பிடிவாதம். தேதி மட்டும் நகரும்: 2024இல் பிப்ரவரி 24, 2025இல் மார்ச் 12. டிக்கெட் எடுக்கும் முன் பஞ்சாங்கம் பாருங்கள்.

பத்திரம், பட்டா, பல் வைத்தியம் என்று வேலைகளைச் சுமந்து வருகிறவர்களுக்கும் பிப்ரவரிதான் தோது. பொங்கல் விடுமுறை முடிந்து அலுவலகங்கள் ஒழுங்காக இயங்கும்.

பிப்ரவரியின் குறை ஒன்றுதான், இரண்டு வாரம் போதாது. பயணக் களைப்பு தீர்வதற்குள் பெட்டி கட்ட வேண்டியிருக்கும். அதனால் எல்லா ஆண்டும் பிப்ரவரி என்று நான் சொல்லவில்லை. வீட்டில் கல்யாணம் இருக்கும் ஆண்டும், பெற்றோருக்கு உடம்பு தளர்ந்து அவர்களோடு வெளியே போய்வர வேண்டிய ஆண்டும் பிப்ரவரி. மற்ற ஆண்டுகளில் ஆகஸ்டு. ஓய்வு பெற்றவர்களும், மூன்று வயது நிறையாத பிள்ளைகளை வைத்திருப்பவர்களும் ஆகஸ்டில் வருவதற்குக் காரணமே இல்லை. பொங்கலுக்கு வந்து மார்ச் தொடக்கம் வரை இருங்கள்.

பிரான்சில் பிப்ரவரி விடுமுறை மூன்று மண்டலங்களுக்கு மூன்று தேதியில் தொடங்குகிறது. பாரிசும் அதைச் சுற்றியுள்ள ஊர்களும் சி மண்டலம். லியோனில் இருக்கும் அண்ணனோடு சேர்ந்து வரத் திட்டமிட்டால் இரண்டு தேதியும் ஒத்துப்போகிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள், அவர் ஏ மண்டலம். இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில் இருப்பவர்களுக்கு இந்தச் சிக்கலே கிடையாது. டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி கடைசி ஒட்டி அவர்களுக்குப் பெரிய விடுமுறை. புத்தாண்டுக் கூட்டம் கலைந்ததும் கிளம்பி வந்தால் பொங்கல் நிச்சயம், தைப்பூசம் முன்கூட்டி வரும் ஆண்டுகளில் வடலூரும் கிடைக்கும்.