ஆர்விஜி சென்சாரா, பாஸ்பர் பிளேட்டா? தேய்ந்த பற்களைப் பார்க்கிற கிளினிக்குக்கு எது சரி

பல் எக்ஸ்ரேக்குப் பிலிமை விட்டுவிட்டு டிஜிட்டலுக்கு மாறலாம் என்று முடிவெடுத்ததும் எனக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, கேபிளோடு நேரே கணினியில் இணையும் ஆர்விஜி சென்சார். மற்றொன்று, பிலிம் போலவே வாயில் வைத்துப் படம் எடுத்து, பிறகு ஸ்கேனரில் விட்டுப் படிக்கும் பாஸ்பர் பிளேட். நான் சென்சாரைத்தான் வாங்கினேன். இன்று மறுபடி வாங்குவதென்றாலும் அதையே வாங்குவேன். சொந்த கிளினிக் வைப்பதற்கு முன் வேலை பார்த்த இடத்தில் பிளேட்தான் புழக்கத்தில் இருந்தது. அதனால் இரண்டையும் கைப்பழக்கத்தில் அறிவேன்.

டார்க் ரூம் வேண்டாம், டெவலப்பர் நாற்றம் இல்லை, படத்தைப் பெரிதாக்கி நோயாளிக்கே காட்டலாம் என்பதெல்லாம் இரண்டுக்கும் பொது. அதை நீட்ட வேண்டியதில்லை.

என்னிடம் வருகிறவர்களில் நடுவயதைத் தாண்டியவர்கள் அதிகம். பலருக்கும் பல் தேய்ந்திருக்கும். முரட்டு பிரஷ்ஷை இடமும் வலமுமாக இழுத்துத் தேய்த்தது, பல்பொடியை விரலால் அழுத்தித் தேய்த்தது, பல வருடம் பாக்கு மென்றது, ராத்திரியில் பல்லைக் கடிப்பது என்று காரணங்கள் ஒன்றோடொன்று கலந்திருக்கும். தேய்மானம் எவ்வளவு என்று கணிக்க எக்ஸ்ரே தேவையில்லை. 2008-இல் வெளியான பெவி (BEWE) என்ற பல்தேய்மான அளவுகோல் கண்ணால் பார்த்தே மதிப்பெண் போடுவது. வாயை ஆறு பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மோசமான பல்லுக்கு 0 முதல் 3 வரை, மொத்தம் 18. கூச்சம் வலியாக மாறும்போதுதான் படம் வேண்டும். பல்லுக்குள் நரம்பு இருக்கும் பற்கூழ் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது, வேர் நுனியில் சீழ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சிக்கலும் அங்கேதான். பல் மெதுவாகத் தேயத் தேய, உள்ளே புதிய டென்டின் (எனாமலுக்கு அடியிலுள்ள பல்திசு) படிந்து கூழறை சுருங்குகிறது. வேர்க்குழாய் நூலிழையாகிவிடும். இப்படிப்பட்ட பல்லில் ரூட் கேனால் செய்யும்போது, ஃபைலை (வேர்க்குழாயைச் சுத்தம் செய்யும் ஊசி போன்ற கருவி) உள்ளே வைத்தபடியே நீளம் பார்க்கப் படம் எடுக்கிறோம். கோணம் மாற்றி இன்னொன்றும் எடுக்க வேண்டியிருக்கும். சென்சாரில் சில நொடியில் திரையில் படம் வந்துவிடும். சென்சார் வாயில் இருக்கும்போதே எக்ஸ்ரே குழாயைச் சற்றுத் திருப்பி அடுத்ததை எடுக்கலாம். பிளேட்டில் ஒவ்வொரு முறையும் வெளியே எடுத்து, உறையைக் கிழித்து, வெளிச்சம் படாமல் ஸ்கேனரில் விட்டு, திரும்பப் புது உறை போட்டு, முதலில் வைத்த அதே இடத்தில் வைக்க வேண்டும். அது நடக்காது, இடம் கொஞ்சம் மாறியிருக்கும்.

ஆனாலும் என்னை முடிவெடுக்க வைத்தது வேகம் அல்ல, கதிர் அளவுதான். பாஸ்பர் பிளேட் எக்ஸ்ரேயின் ஆற்றலைத் தேக்கி வைத்துக்கொள்ளும். ஸ்கேனரின் சிவப்பு லேசர் பட்டதும் அதை நீல ஒளியாக விடும். மிகக் குறைந்த கதிரிலிருந்து மிக அதிகக் கதிர் வரை அது ஏற்கும். மென்பொருள் படத்தைச் சீராக்கிக் காட்டிவிடும். கேட்க நல்ல குணம் போலத் தோன்றும். நடைமுறையில் என்ன ஆகிறது என்றால், கதிர் குறைந்தால் படம் புள்ளி புள்ளியாக வரும், டாக்டர் குறை சொல்வார். கூடினாலோ படம் இன்னும் பளிச்சென்று வரும், யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். அசிஸ்டென்ட், கதிர் பாயும் நேரத்தை வைக்கும் டைமரை ஒரு படி ஏற்றி வைப்பார். அது அப்படியே நிற்கும். புதிதாக வருகிறவர் அதையே சரியான அளவு என்று கற்றுக்கொள்வார். நோயாளிக்குத் தேவைக்கு மேல் கதிர் போகிறது என்பதைப் படத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது.

சென்சார் அப்படி மறைக்காது. கதிர் கூடினால் பற்களுக்கு இடையிலுள்ள மெல்லிய எலும்பு விளிம்பு கறுத்துக் காணாமல் போகும். தேய்ந்து மெலிந்த எனாமல் ஓரமும் அப்படியே. டைமரைக் குறைக்காமல் வேலையே ஓடாது. ஈறோரத்தில், பல்லின் கழுத்துப்பகுதியில் பள்ளம் விழுந்த பற்களுக்கு இது கூடுதல் முக்கியம். அந்தப் பள்ளம் படத்தில் கறுப்புப் பட்டையாகத் தெரியும், சொத்தை என்று தோன்றும். படம் அளவுக்கு மீறிக் கறுத்திருந்தால் குழப்பம் இரட்டிப்பு. எப்படியும் எக்ஸ்ப்ளோரர் என்ற கூர்முனைக் கருவியால் தொட்டுப் பார்த்து உறுதிசெய்யாமல் டிரில்லைக் கையில் எடுக்கக் கூடாது.

பிளேட்டின் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. அது மெல்லியது, கொஞ்சம் வளையும். சென்சார் தடித்தது, விறைப்பானது. மேல்வாய்க் கடைவாய்ப்பல்லுக்கு வைத்தால் சிலருக்குக் குமட்டும். வெளிக்கூட்டைவிடப் படம் பதியும் பரப்பு சிறிது என்பதால் வேர் நுனி வெட்டுப்பட்டு மறுபடி எடுக்க நேர்வதும் உண்டு. பழகாத கையில் சென்சாரின் லாபத்தை இதுவே தின்றுவிடும். குழந்தைகள் அதிகம் வரும் கிளினிக்குக்கு என் அனுபவம் போதாது. அங்கே பிளேட் வசதியாக இருக்கும் என்றே நினைக்கிறேன்.

பராமரிப்பில் இரண்டுக்கும் தொல்லை உண்டு. பிளேட்டில் பல் பதிந்த தடமும் கீறலும் வெள்ளைக் கோடாகப் படத்தில் நிற்கும்; ஒவ்வொரு பிளேட்டாக மாற்றலாம். சென்சாரின் பலவீனம், கேபிள் கூட்டுக்குள் நுழையும் இடம். அங்கே மடித்துச் சுற்றினால் முழு சென்சாருக்கும் ஆபத்து. கொக்கியில் தளர்வாகத் தொங்கவிடுங்கள்.

எதை வாங்கினாலும் கதிரைச் செவ்வகமாகக் குறுக்கும் காலிமேட்டரையும் சேர்த்து வாங்குங்கள். வட்டக் குழாயின் 6 செ.மீ. விட்டக் கதிர் ஏறத்தாழ 28 சதுர செ.மீ. பரப்பில் விழுகிறது. பெரியவர்களுக்கான 2-ஆம் அளவு பிளேட்டின் பரப்போ 13 சதுர செ.மீ.கூட இல்லை. பாதிக்கு மேல் கன்னத்துக்கும் தொண்டைக்கும் வீண். லட்லோ குழுவினர் 2008-இல் வெளியிட்ட கணக்கில், பிளேட் அல்லது குறைந்த கதிரே போதுமான எஃப்-ஸ்பீடு பிலிமில் முழுவாய்ப் படத்தொகுப்புக்குச் செவ்வகக் குழாயில் 35 மைக்ரோசீவர்ட் (உடல் ஏற்கும் கதிரின் அலகு), வட்டக் குழாயில் 171. பழைய டி-ஸ்பீடு பிலிமும் வட்டக் குழாயும் சேர்ந்தால் 388. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2024-இல் ஈய ஏப்ரனும் தைராய்டு காலரும் வழக்கமாக வேண்டாம் என்று சொன்னபோதும் கதிரின் பரப்பைக் குறைப்பதை வலியுறுத்தியது.

பிளேட்டே போதும் என்று முடிவெடுப்பவர்கள், நோய் தெரியும் அளவுக்குப் படம் வரும் குறைந்தபட்ச நேரத்தை ஒவ்வொரு பல்வரிசைக்கும் முதலிலேயே கண்டுபிடித்து, டைமர் பக்கத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள். இடையிடையே டைமரையும் அந்தத் தாளையும் ஒப்பிட்டுப் பார்ப்பது டாக்டரின் வேலை, அசிஸ்டென்டின் வேலை இல்லை.