வேதியியல் கற்க முதலில் எந்த நூல்: கதை சொல்வதா, கணக்குக் கேட்பதா?

வணிகவியல் படித்து, பாளையங்கோட்டையில் இருபது ஆண்டுகளாகக் கணக்கெழுதி வரும் எனக்கு வேதியியலை அடியிலிருந்து கற்கும் ஆசை எழுந்தபோது இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, பொது வாசகர்களுக்கான அறிவியல் நூல்கள். மற்றொன்று, தமிழ்நாடு அரசின் 11ஆம் வகுப்பு வேதியியல் பாடநூல். இரண்டையும் ஓராண்டுக்கு மேல் மாற்றி மாற்றிப் படித்த பிறகு என் சாய்வு பாடநூலின் பக்கமே நிற்கிறது.

சுவையில் பாடநூல் போட்டிக்கே வராது. விலையில் மற்றது வராது. பாடநூலைத் தமிழிலேயே இணையத்திலிருந்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

பொது வாசிப்பு நூல்களில் என்னை ஈர்த்தது, ஆங்கிலேய அறிவியலாளர் மைக்கேல் ஃபாரடே 1860-61 கிறிஸ்துமஸ் காலத்தில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இளையோருக்கு ஆற்றிய, மெழுகுவர்த்தியைப் பற்றிய ஆறு உரைகளின் தொகுப்பு. சுடரில் தொடங்கி, நாம் மூச்சு விடுவதும் ஒருவகை எரிதலே என்ற இடத்தில் அவர் கொண்டுபோய் நிறுத்துகிறார். சுண்ணாம்பு நீரில் மூச்சை ஊதினால் அது கலங்கும் என்று படித்த இரவே, வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்துத் தெளியவைத்து ஊதிப் பார்த்தேன், பால்போலக் கலங்கியது. அந்த மகிழ்ச்சியைப் பாடநூல் எனக்கு ஒருநாளும் தந்ததில்லை.

ஆனால் மறுநாள் சுண்ணாம்புக்கல் கிடைக்கும் தாழையூத்துப் பக்கம் போனபோது வேறொரு கேள்வி எழுந்தது. காளவாயில் ஒரு டன் சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் எவ்வளவு சுண்ணாம்பு மிஞ்சும்? ஃபாரடேயைப் படித்து முடித்திருந்தும் எனக்கு விடை தெரியவில்லை. தெரியவில்லை என்பதே அதுவரை தெரிந்திருக்கவில்லை.

பாடநூலின் முதல் அலகே வேதிக் கணக்கீடுகள்தான். அணுக்களின் ஒப்பு நிறைப்படி கால்சியம் 40, கார்பன் 12, ஆக்சிஜன் மூன்று பதினாறுகள். ஆக, கால்சியம் கார்பனேட் 100. அதில் 56 பங்கு சுட்ட சுண்ணாம்பாக நிற்க, 44 பங்கு கார்பன் டைஆக்சைடாகப் போய்விடுகிறது. கல் தூயதாக இருந்தால் ஒரு டன்னுக்கு 560 கிலோ. அதை நீற்ற 180 கிலோ தண்ணீர் சேர்ந்து, 740 கிலோ நீற்றுச் சுண்ணாம்பாகிறது. பற்றும் வரவும் நேராகாமல் பேரேட்டை மூடாத எனக்கு, சமன்பாட்டின் இரு பக்கமும் ஒத்துப்போவதைக் கண்டபோதுதான் இந்தத் துறை பிடிபடத் தொடங்கியது. அணுக்களையும் மூலக்கூறுகளையும் எண்ணும் அலகான மோல் என்ற சொல்லோடு மூன்று வாரம் மல்லுக்கட்டினேன். பயிற்சிக் கணக்குகளில் பாதிக்கு மேல் தவறு. நான் தேர்வு செய்ததற்கான காரணமும் அந்தத் தவறுகள்தான். கதை நூல் வாசகனைத் தலையாட்ட விடுகிறது. பயிற்சிக் கணக்கோ, புரிந்ததாக எண்ணிக்கொண்டிருப்பதை அன்றைக்கே உடைத்துவிடுகிறது.

பாடநூலுக்கும் குறைகள் உண்டு. இரண்டாம் அலகிலேயே குவாண்டம் இயக்கவியல் வந்து பயமுறுத்துகிறது. நான் அதைத் தாண்டிவிட்டு, 10ஆம் வகுப்பு அறிவியலின் 'அணுக்களும் மூலக்கூறுகளும்' பாடத்தைப் படித்த பிறகே திரும்பி வந்தேன். நடையும் வறண்டது. கரிம வேதியியலை நான் இன்னும் முடிக்கவில்லை. அங்கே ஆசிரியர் இல்லாமல் பாடநூல் மட்டும் போதுமா என்று என்னால் உறுதியாகச் சொல்ல இயலாது. தேர்வுக்காக இதே நூலை மனப்பாடம் செய்யும் பிள்ளைகளின் அனுபவமும் வேறாகத்தான் இருக்கும்.

கதை நூலை நான் விட்டுவிடவில்லை; இரண்டாவதாக வைத்துக்கொண்டேன். மனிதன் ஒருநாளில் ஏழு அவுன்ஸ் கரியை மூச்சில் எரிக்கிறான் என்று ஃபாரடே சொல்லும் இடத்தை முதல் வாசிப்பில் வியந்து கடந்திருந்தேன். இரண்டாம் வாசிப்பில் ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்: சுமார் 200 கிராம் கரி, 12 பங்கு கரிக்கு 44 பங்கு வாயு வீதம், ஏறக்குறைய 730 கிராம் கார்பன் டைஆக்சைடு.