பயணப்படிப் படிவத்தை எதில் போடுவது: இன்ஃபோபாத், ஃபார்ம்ஸ், பவர் ஆப்ஸ்

அலுவலக ஷேர்பாயிண்ட் தளத்தில் (கோப்புகளையும் பட்டியல்களையும் பகிர்ந்துகொள்ளும் மைக்ரோசாஃப்ட் தளம்) பயணப்படிப் படிவம் ஒன்று வேண்டும் என்று கணக்குப் பிரிவு கேட்கிறது. எந்தக் கருவியில் சீக்கிரம் முடியும் என்பதைத்தான் எல்லோரும் முதலில் பார்க்கிறார்கள். நான் பார்ப்பது வேறு. படிவம் போட்டு மூன்று வருடம் ஆகி, அதைச் செய்தவரும் வேறு வேலைக்குப் போன பிறகு, "இதில் ஜிஎஸ்டி எண்ணுக்கு ஒரு கட்டம் சேருங்கள்" என்று கேட்டால் என்ன ஆகும்?

பயணப்படியை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. மேலே பெயர், ஊர், தேதி. கீழே எத்தனை வரி வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாத செலவுப் பட்டியல்: ரயில், ஆட்டோ, லாட்ஜ், சாப்பாடு. அதோடு ரசீதுகள், மேலாளர் ஒப்புதல். ஒருவர் போட்ட கணக்கு இன்னொருவர் கண்ணில் படவும் கூடாது. கருவிகளின் பலமும் பலவீனமும் இந்த ஒரு படிவத்திலேயே தெரிந்துவிடும்.

ஆஃபீஸ் 2003 உடன் வந்தது இன்ஃபோபாத், படிவம் வடிவமைக்கும் மைக்ரோசாஃப்ட் மென்பொருள். வரிகள் கூடிக்கொண்டே போகும் அட்டவணையை அது கையாண்ட அழகை இன்றுவரை வேறெதிலும் நான் பார்க்கவில்லை. ஒரு வரி கோட் எழுதாமல் அட்டவணையை இழுத்துப் போடலாம், கூட்டுத்தொகை தானே வரும். நிரப்பிய ஒவ்வொரு படிவமும் ஒரு தனி எக்ஸ்எம்எல் கோப்பாக (குறிச்சொற்களோடு தகவலை வைக்கும் எழுத்துக் கோப்பு) ஷேர்பாயிண்டில் கோப்புகளைச் சேர்த்துவைக்கும் படிவ நூலகத்தில் சேரும். வெளியிடும்போது எந்தெந்தப் புலங்கள் (நிரப்பும் கட்டங்கள்) நூலகத்தில் நெடுவரிசையாகத் தெரிய வேண்டும் என்று நாமே தேர்ந்தெடுக்கலாம்.

பராமரிப்பில்தான் இடிக்கும். வார்ப்புருவில் ஒரு புலத்தை நீக்கியோ பெயர் மாற்றியோ மறுபடி வெளியிட்டால், பழைய படிவத்தைத் திறக்கும்போது அந்தப் புலத்தில் இருந்த தகவல் போய்விடும். அதனால் அனுபவப்பட்டவர்கள் புலத்தை அழிக்கவே மாட்டார்கள். திரையிலிருந்து மட்டும் எடுத்துவிட்டு உள்ளே அப்படியே விட்டுவைப்பார்கள். இன்னொரு சிக்கல் ரகசியம். "தான் போட்டதை மட்டும் தான் பார்க்கலாம்" என்ற வசதி ஷேர்பாயிண்ட் பட்டியல்களின் (வரியும் நெடுவரிசையுமாகத் தகவலை வைக்கும் அட்டவணைகள்) அமைப்புப் பக்கத்தில் உண்டு, நூலகங்களின் பக்கத்தில் இல்லை. படிவ நூலகமோ நூலகம். ஒவ்வொரு கோப்புக்கும் தனி அனுமதி வைக்கப் பணியோட்டம் (தானே ஓடும் வேலை வரிசை) எழுத வேண்டியிருந்தது.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டாலும், 2013 பதிப்புதான் கடைசி என்று 2014 ஜனவரியிலேயே மைக்ரோசாஃப்ட் சொல்லிவிட்டது. ஆதரவு 2026 ஜூலை 14 வரைதான். புதிதாக இதில் தொடங்க ஒரு காரணமும் இல்லை.

மைக்ரோசாஃப்ட் ஃபார்ம்ஸ் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பத்து நிமிடத்தில் படிவம் தயார். கேன்டீன் சாப்பாடு எப்படி என்று கேட்க இதைவிட நல்லது கிடையாது. வரிகள் கூடும் அட்டவணை இல்லை என்பதால் பயணப்படிக்கு ஆகாது. மாற்றினால் அந்தக் கணமே எல்லோருக்கும் மாறிவிடும். வெளியிடுதல் என்று ஒரு தனிப் படி கிடையாது. ஒருவர் தன் சொந்தக் கணக்கில் செய்த படிவம் அவர் கணக்கோடு பிணைந்தது. கணக்கை அழித்தால், 30 நாளுக்குள் நிர்வாகி வேறொருவருக்கு மாற்றித் தராவிட்டால் படிவமும் போகும், பதில்களும் போகும். எனவே எதைச் செய்தாலும் குழுவின் பெயரில் செய்யுங்கள். இதை ஒரு விதியாகவே வையுங்கள்.

பவர் ஆப்ஸ் என்பது அதிகம் கோட் எழுதாமல் சிறு ஆப்களைச் செய்யும் மைக்ரோசாஃப்ட் கருவி. அதில் செய்யும் படிவத்தின் தரவு ஷேர்பாயிண்ட் பட்டியலில் உட்காரும். எனக்கு இதில் பிடித்ததே அதுதான். ஜிஎஸ்டி கட்டம் கேட்டால் பட்டியலில் ஒரு நெடுவரிசை, திரையில் ஒரு கட்டம், பிறகு வெளியீடு. பழைய வரிகளுக்கு ஒன்றும் ஆகாது. சேமிப்பதும் வெளியிடுவதும் வேறு வேறு. வெளியிடும்வரை மற்றவர்கள் பழையதைத்தான் பார்ப்பார்கள். தவறிப்போனால் முந்தைய பதிப்புக்குத் திரும்பலாம்.

ஆனால் செலவு வரிகளுக்கு இங்கே வேலை அதிகம். தலைப்புத் தகவலுக்கு ஒரு பட்டியல், வரிகளுக்கு இன்னொன்று. தலைப்பு சேமிக்கப்பட்ட பிறகுதான் அதற்கு எண் கிடைக்கும். அந்த எண்ணை வைத்துத்தான் வரிகளை எழுத வேண்டும். இந்த வரிசையை மாற்றி வரிகளை முதலில் எழுதினால், அவை எந்தத் தலைப்போடும் சேராமல் அநாதையாகிவிடும்.

அதைவிட ஆபத்தானது கூட்டல். ஷேர்பாயிண்டால் தானே செய்ய முடியாத கணக்கு என்றால், ஆப் முதல் 500 வரிகளை மட்டும் கொண்டுவந்து கூட்டும். அமைப்பை மாற்றினாலும் 2000 தான் உச்சம். ஒரு கோரிக்கையின் 12 வரிகளைக் கூட்டுவதில் பிரச்சினை இல்லை. ஒரு துறையின் வருடச் செலவைக் காட்டச் சொன்னால், பிழைச் செய்தி எதுவும் இல்லாமல் தப்பான தொகை வந்து நிற்கும். எச்சரிக்கை ஆப்பை வடிவமைப்பவருக்குத்தான் தெரியும், பார்ப்பவருக்குத் தெரியாது. இப்படிப்பட்ட கூட்டலை ஆப்பில் வைக்காதீர்கள், எக்செல்லுக்கோ, அறிக்கை தயாரிக்கும் பவர் பிஐக்கோ அனுப்புங்கள். திரையில் ஒரு புலத்தை மறைத்துவிட்டதால் அது பாதுகாப்பாக இருக்கிறது என்றும் நம்ப வேண்டாம். பட்டியலுக்கு அனுமதி உள்ளவர் நேராகப் பட்டியலையே திறந்து பார்க்கலாம்.

2024இல் பட்டியல்களுக்கென்றே எளிய படிவம் ஒன்று வந்தது. நிரப்புகிறவருக்குப் பட்டியலைப் பார்க்கும் அனுமதியே தேவையில்லை. விடுப்பு, அடையாள அட்டை, மடிக்கணினி கேட்பது போன்ற ஒற்றை வரிக் காரியங்களுக்கு நான் இப்போது முதலில் கை வைப்பது இதில்தான்.

பயணப்படிக்கு என் தேர்வு பவர் ஆப்ஸ், ஒப்புதலுக்குப் பவர் ஆட்டோமேட் (வேலைகளைத் தானே ஓடவைக்கும் கருவி), குழுவின் பெயரில்.

பழைய இன்ஃபோபாத் படிவங்களை வைத்திருப்பவர்கள் ஒரு வேலையைத் தள்ளிப்போட வேண்டாம். எக்ஸ்எம்எல் கோப்புகள் நூலகத்திலேயே இருக்கும், நோட்பேடில் திறந்தால் தொகையும் தேதியும் படிக்கக்கூட முடியும். ரசீதுகள் அப்படியில்லை. படிவத்தில் இணைத்த படங்கள் அதே கோப்புக்குள் பேஸ்64 (படம் போன்ற தரவை எழுத்துகளாக மாற்றி எழுதும் முறை) எழுத்துக் குவியலாக இருக்கின்றன. அதை அவிழ்த்தாலும் முன்னால் 24 பைட் தலைப்பு, அடுத்து கோப்பின் பெயர், அதன் பிறகுதான் படம். இதைத் தெரிந்த ஒருவர் சிறு ஸ்கிரிப்ட் எழுதினால் எல்லா ரசீதுகளையும் தனிக் கோப்புகளாக வெளியே எடுத்துவிடலாம். தணிக்கைக்காரர் பழைய ரசீதைக் கேட்டு வருவதற்குள் அதை முடித்துவிடுங்கள்.