இஞ்சி ஜாடி: முதலாவதா, இரண்டாவதா?

டச்சு ஓவியர் மோண்ட்ரியானின் இஞ்சி ஜாடி ஓவியங்கள் இரண்டில் எதை அச்செடுத்து மாட்டலாம் என்று வரையப் பழகும் நண்பர்கள் கேட்கிறார்கள். இரண்டுமே 1911–12 வாக்கில், கியூபிசம் (பொருள்களைக் கோண வடிவங்களாக உடைத்து வரையும் பாணி) அவரைப் பிடித்துக்கொண்ட நேரத்தில் வரைந்தவை.

பொருள்கள்: முதலாவதில் மேசை, துணி, பாத்திரங்கள் எல்லாம் அடையாளம் தெரியும். இரண்டாவதில் அவை கோடுகளாக உடைந்துவிட்டன. ஜாடி மட்டும் உருண்டையாக நிற்கிறது. சுற்றிலும் சாம்பல் கட்டங்கள், நடுவே அந்த நீலப்பச்சை! எத்தனை முறை பார்த்தாலும் என் கண் அங்கேயே நின்றுவிடும்.

அளவு: முதலாவது சிறியது. இரண்டாவது சுமார் 120 செ.மீ. அகலம்; சின்ன அச்சில் மெல்லிய கோடுகள் மங்கிவிடும்.

சரி, பார்த்து வரைந்து பழக முதலாவது. அவருடைய பிற்கால ஓவியங்களில் வரும் நேர்கோட்டுக் கட்டங்கள் எங்கிருந்து வந்தன என்று புரிய இரண்டாவது, அதுவும் பெரிய அச்சாக.